ஆறுக்குட்டியின் எடை

ஆறுக்குட்டியைப் பட்டாளத்துக்கு அனுப்பி வைத்தது ஒரு சீப்பு மொந்தன் பழமும் மூன்று செம்புத் தண்ணீரும்தான் என்று தோட்டத்து மூணாம் நம்பர் லைன் வீடுகளில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. பழத்தை உரித்து உரித்து ஊட்டியவள் அவன் அக்கா தங்கமணி. அந்தப் பெருமையை அவளும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயடியில் யாராவது தம்பி பேச்சை எடுத்தால் போதும், குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து பள்ளத்துக்கு ஓடும், கதை முடியாது.

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு இறங்குகிற சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம் அது. கருப்பம்மாள் கல்யாணமான கையோடு புருஷனுடன் கோபிப் பக்கமிருந்து மலையேறி வந்தவள். ஆறு பெற்றாள், மிஞ்சியது இரண்டு. மூத்தவள் தங்கமணி, கடைக்குட்டி ஆறுக்குட்டி. புருஷன் ஒரு பனிக்காலத்தில் மார்ச்சளி கண்டு போய்ச் சேர்ந்தான். தங்கமணியைத் தோட்டத்திலேயே கந்தப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கந்தப்பன் எடை மேஸ்திரி. பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தைச் சாயங்காலம் கொட்டகையில் தூக்கி எடை போட்டு, 'இன்னாருக்கு இத்தனை கிலோ' என்று சொல்கிறவன். அதனால் அவனுக்கு லைனில் மரியாதையும் உண்டு, முதுகுக்குப் பின்னால் வசவும் உண்டு.

ஆறுக்குட்டி நடந்து பார்த்தவர் அந்தத் தோட்டத்தில் கிடையாது. எங்கே போனாலும் ஓட்டம்தான். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக் காட்டிலிருந்து ஃபேக்டரி வரை ஓடுவான். மூட்டையை இறக்கிவிட்டுச் சும்மா வருவானா என்றால் அதுவும் இல்லை, வெறுங்கையோடு இன்னும் வேகமாக ஓடி வருவான். ஒரு தடவை காட்டெருமை ஒன்று கொழுந்துக் காட்டுக்குள் வந்து நின்றது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பாறை மேல் ஏறிவிட்டார்கள். இவன் மட்டும் கீழே நின்று அதனிடம், "ஏனுங்க, கொஞ்சம் வழி உடறீங்களா?" என்று கேட்டான். அது மூக்கால் ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் ஐயா பாறைக்கும் மேலே, அங்கே ஏறி நின்ற மூக்கம்மாவின் தோளில் உட்கார்ந்திருந்தார். "எறங்குடா தடியா, என்ற கழுத்து ஒடியுது!" என்று மூக்கம்மா போட்ட சத்தத்தில்தான் காட்டெருமை மிரண்டு ஓடியது. மூக்கம்மாவின் தொண்டை அப்படி.

பட்டாளத்து ஆசை வந்ததும் ஓட்டத்தால்தான். குன்னூர் ரோட்டில் ஒரு நாள் காலை சிப்பாய்கள் முப்பது பேர் அரைக்கால் சட்டையோடு ஓடி வந்தார்கள். இவன் தலையில் ரேஷன் அரிசி மூட்டை. கால் சும்மா இருக்குமா? அவர்களோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தான். ஒரு மைல் தாண்டியதும் அவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். கூட வந்த மீசைக்கார ஹவில்தார் நிறுத்தச் சொல்லி, மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஐப்பசியில ஆள் எடுக்கறோம், வந்துடுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் அரிசி எங்கே என்று கேட்டதற்கு முழித்தான். மூட்டையில் ஓட்டை. குன்னூரிலிருந்து லைன் வரைக்கும் கோடு போட்ட மாதிரி அரிசி. கருப்பம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். அவன் அதற்கும் ஓடினான்.

ஐப்பசிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தெரிந்தது, பட்டாளத்தில் சேர ஐம்பது கிலோ வேண்டுமாம். அறுபத்தொன்பதாம் வருஷம், பையனுக்குப் பத்தொன்பது வயது. உடனே கொட்டகைக்குக் கூட்டிப்போனாள் தங்கமணி. அங்கே மூன்று கால் நட்டு ஒரு இரும்புத் தண்டு தொங்கும். தண்டின் ஒரு கோடியில் கொக்கி, மறு பக்கம் கோடு போட்டிருக்கும். கோட்டின் மேல் ஒரு இரும்புக் கல்லை முன்னும் பின்னும் தள்ளி, தண்டு ஆடாமல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அதுதான் எடை. கந்தப்பன் மச்சினனைக் கொழுந்துச் சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினான். சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அவன், "மாமா, முத்தின எல இருக்குதுன்னு கழிச்சிராதீங்க" என்றான். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல் நாற்பத்தேழில் நின்றது.

மூன்று கிலோ குறைவு.

அன்றைக்கு அடுப்படியில் கருப்பம்மாள் மகளிடம் சொன்னாள்: "இங்க பாரு, எனக்கு அவனை அனுப்ப இஷ்டமில்ல. ஆனா தடுக்கவும் மாட்டேன். அவனுக்குன்னு இருக்கற எடைல எடுத்துக்கிட்டாங்கன்னா போகட்டும், பத்தலீன்னா மாரியாத்தா வேண்டாங்கறான்னு இருந்துக்கறேன். நீ நடுவுல அதுல கைய வெக்காதே."

"செரிம்மா" என்றாள் தங்கமணி. சொன்ன வாயோடு மறுநாளே கை வைத்துவிட்டாள். என்ன செய்வாள் பாவம், தம்பி அந்தப் பக்கம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போனான். நடந்து! அதை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் பார்க்கவேண்டுமே! எடையை ஏற்றுவது எப்படி என்று கொழுந்து பறிக்கிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கூடைக்கடியில் முற்றின இலை வைப்பது, பனி ஈரத்தோடு பறிப்பது, எடைக்குச் சற்று முன்னால் இரண்டு கை தண்ணீர் தெளிப்பது என்று தலைமுறை தலைமுறையாகப் பழகின கைகள். அத்தனை பேர் மூளையும் ஒரே பையன் மேல் இறங்கியது. ஒருத்தி எருமைத் தயிர் கொண்டுவந்தாள். ஒருத்தி ராகிக் களியில் நல்லெண்ணெய் ஊற்றி உருட்டிக் கொடுத்தாள். மூக்கம்மா தன் வீட்டுச் சேவலையே அடித்துக் குழம்பு வைத்தாள். அந்தச் சேவல் போனதால் ஒரு வாரம் லைனே நேரம் கழித்து எழுந்து திட்டு வாங்கியது. மூன்று வாரம் தின்றான் ஆறுக்குட்டி. தின்றதையெல்லாம் மேட்டுக் காட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஓடித் தீர்த்தான். மூன்று வாரம் கழித்துத் தூக்கினால் கல் அதே நாற்பத்தேழில் வந்து உட்கார்ந்தது.

இதில் கந்தப்பன் மட்டும் என்னவோ மாதிரி இருந்தான். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் காது சிவந்துவிடும். "விடு தங்கமணி, அதெல்லாம் செரியாப் போயிரும். பையன் வயிறு வெடிச்சிரப் போகுது" என்பான்.

"மூணு கிலோ கொறையுதுங்க! எப்படிங்க செரியாப் போகும்?" என்று அவள் பாய்வாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவான். மச்சினன் எடுபடக் கூடாது என்று மனசுக்குள் வைத்திருக்கிறானோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம்.

ஆள் எடுக்கிற நாள் விடியலில் கொட்டகையிலேயே வேலை நடந்தது. தங்கமணி போட்ட கணக்கு இது: மூன்று கிலோ குறைவு, சரி. ஆனால் அன்றைக்கு மழை. மழை நாளில் கூடைக்கு ஒரு கிலோ ஈரக்கழிவு என்று தோட்டத்தில் பிடிப்பது வழக்கம். பட்டாளத்துக்காரன் மட்டும் பிடிக்காமலா விடுவான்? நனைந்த பையனைத் தூக்கினால் ஈரத்துக்குக் கழிக்கத்தானே செய்வான்? அதனால் மூன்றல்ல, நாலு கிலோ ஏற்ற வேண்டும்.

"அக்கா, பட்டாளத்துல கழிவெல்லாம் இருக்காதுக்கா."

"உனக்குத் தெரியுமா? எடைன்னு இருந்தா கழிவுன்னு ஒண்ணு இருக்கும். வாயத் தொற."

பதினாலு பழம். மூன்று செம்புத் தண்ணீர். நடுவில் களி இரண்டு உருண்டை. கடைசிப் பழத்துக்குக் கண் பிதுங்கிவிட்டது. சாக்கில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். கல் ஐம்பதரையில் நின்றது. "இதுக்கு மேல ஒரு சொட்டு எறக்கினாலும் மேல வந்துருமுக்கா" என்றான் பையன். கழிவுக்கு அரைக் கிலோ இடிக்கிறதே என்ற கவலையோடு தங்கமணி அவனைப் பஸ் ஏற்றினாள். கூட அவளும் கந்தப்பனும். ஒவ்வொரு வளைவிலும் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டே போனாள்.

முதலில் எடை, அப்புறம் ஓட்டம் என்று நம்பிப் போயிருந்தார்கள். அங்கே போனால் முதலில் ஓட்டம்! கம்பி வேலிக்கு வெளியே நின்ற தங்கமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். வயிற்றில் பழமும் தண்ணீருமாகக் குலுங்கக் குலுங்க ஒரு மைல் ஓடினான் ஆறுக்குட்டி. ஓடுகிற சத்தத்தைவிடத் தண்ணீர்ச் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது என்று பின்னால் ஓடி வந்த பையன்கள் சொன்னார்கள். அப்படியும் முதலாவதாக வந்து நின்று ஒரு ஏப்பம் விட்டான். அப்புறம் எடைக்கு வரிசை. அந்த வரிசையில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று அவன் ஆடிய ஆட்டத்தை இவள் வேலியிலிருந்து பார்த்தாள். எங்கே வரிசையை விட்டு மரத்தடிக்குப் போய்விடுவானோ, போனால் ஒரு கிலோ போச்சே! "அடக்குடா கண்ணு, அடக்கு!" என்று வேலியை ஆட்டிக் கத்தினாள். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

அவன் தராசில் ஏறினான். உள்ளே ஒருவர் இந்தியில் எதையோ கத்தினார், இன்னொருவர் எழுதினார். எண்ணா, திட்டா, இவளுக்கு என்ன தெரியும்? அடுத்த கணம் ஆறுக்குட்டி கையில் ஒரு சீட்டோடு வெளியே பாய்ந்தான். அக்காவைத் தாண்டி, மாமனைத் தாண்டி, யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தான். அங்கிருந்து ரொம்ப நேரம் ஆள் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அக்கா! எடுத்துட்டாங்கக்கா!"

தங்கமணி நடு ரோட்டில் குதித்தாள். கந்தப்பன் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டான்.

எழுபத்தொன்று சித்திரையில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். மீசை வைத்திருந்தான். பூட்ஸ் சத்தத்தில் லைன் நாய்கள் எல்லாம் ஒரு பர்லாங் தள்ளிப் போய்க் குரைத்தன. மாரியம்மன் திருவிழா சாட்டு நேரம். காலையில் பேர் கூப்பிடுகிற களத்தில் பெண்களைக் கூடையோடு வரிசையாக நிற்கவைத்து, "சாவ்தான்!" என்று இந்தியில் கத்தி விறைப்பாக்கி, இடது கால் வலது கால் என்று மேட்டுக் காடு வரை நடத்திக்கொண்டு போனான். மூக்கம்மா கடைசிவரை வலது காலையே இரண்டு தடவை வைத்தாள். தினமும் ஒரு நேரம் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். "எறக்குடா, தல சுத்துது" என்று கருப்பம்மாள் கத்துவாள். அவன் இறக்கிவிட்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை தூக்குவானா என்று பார்ப்பாள்.

ஒரு சாயங்காலம் கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது, "மாமா, உங்க தராசு சௌக்கியமுங்களா?" என்று கேட்டுக் கண்ணடித்தான். கந்தப்பனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. "என்ன இப்ப எடை போட்டுப் பாக்கறீங்களா?" என்றான் மறுபடியும். "பட்டாளத்தானை எல்லாம் சாக்குல தொங்கவிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் இருமிக்கொண்டே ஃபேக்டரிப் பக்கம் போனான். ஆறுக்குட்டி சிரித்த சிரிப்புக்கு யாருக்கும் காரணம் தெரியவில்லை. அவன் சிரித்தால் காரணம் தெரியாமலே சிரிப்பது லைனில் பழக்கம், எல்லோரும் சிரித்தார்கள்.

கார்த்திகையில் சண்டை மூண்டது. கிழக்கு எல்லையில் ஒரு வயல்வெளியைத் தாண்டி ஓடும்போது ஆறுக்குட்டி விழுந்தான். அவன் பட்டாளம் முன்னேறிக்கொண்டே இருந்ததால் அங்கேயே எரித்துவிட்டார்கள். மார்கழி நடுவில் தோட்டத்துக்கு வந்தது தந்தி. ஆபீசிலிருந்து கிளார்க் தானே கொழுந்துக் காட்டுக்கு ஏறி வந்தார். அவர் ஏறி வருவதைப் பார்த்தபோதே பெண்களின் கை நின்றுவிட்டது. தங்கமணி அரைக் கூடை பறித்திருந்தாள். அந்தக் கூடையை யார் எடுத்துப் போனார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டில் கருப்பம்மாள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் மகளைப் பார்த்துச் சொன்னாள்: "மாரியாத்தா வேண்டாம்னுதான் சொன்னா. நீதான் எடைய ஏத்தி அனுப்பிச்சே."

அதற்குப் பிறகு அவள் மகளோடு பேசவில்லை.

நாற்பது நாள். தங்கமணி ஒவ்வொரு நாளும் அந்த விடியலுக்குப் போய் வந்தாள். ஒரு பழம் குறைத்திருந்தால்? ஒரு செம்பு குறைத்திருந்தால்? அவன் வாயை மூடிக்கொண்டபோது போதும் என்று விட்டிருந்தால் தம்பி இன்றைக்குக் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பான். குன்னூர் மார்க்கெட்டில் பழக்கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடந்தாள். தம்பியைக் கொன்றது நான்தான் என்று அவளுக்கு முடிவாகிவிட்டது. கந்தப்பன் இதையெல்லாம் பார்த்தான். சாப்பிட உட்காரும்போது வாயைத் திறப்பான், எதுவும் சொல்லாமல் மூடிக்கொள்வான். "என்னங்க?" என்றால், "உப்பு" என்பான். உப்பு பக்கத்திலேயே இருக்கும்.

தை மாதக் கடைசியில், எடை நேரத்தில், கொழுந்து லாரியிலிருந்து ஒரு சிப்பாய் காலில் கட்டோடு, கக்கத்தில் கட்டை ஊன்றி இறங்கினான். குந்தாக்காரன், பெயர் சின்னராஜ். அப்பா அங்கே கரண்டு ஆபீசில் வேலை. ஆறுக்குட்டியும் இவனும் ஒரே நாளில் எடுபட்டு, ஒரே பட்டாளத்தில் ஒரே சண்டைக்குப் போனவர்கள். ஆறுக்குட்டியின் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். பெட்டிக்கு மேல் ஒரு சீப்பு மொந்தன் பழம்.

பழத்தைப் பார்த்ததும் தங்கமணி இரண்டடி பின்னால் போனாள்.

"அவன் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமுங்க" என்றான் சின்னராஜ், ஒன்றும் அறியாதவனாக. "அக்கா பழம் ஊட்டுன கதைய வாரத்துக்கு ஒருக்கா சொல்லுவான். அதான், அவனூட்டுக்குப் போறமேன்னு வாங்கிட்டு வந்தனுங்க."

ஆள் அனுப்பிக் கருப்பம்மாளைக் கூட்டிவந்தார்கள். கொட்டகையில் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே பெட்டி. வேலை நின்றுவிட்டது, பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், எடுபட்ட அன்று நடந்ததைச் சின்னராஜ் சொன்னான். வரிசையில் அவன்தான் ஆறுக்குட்டிக்குப் பின்னால் நின்றவனாம். "முன்னால நிக்கறவன் வயித்துக்குள்ள ஆறு ஓடற மாதிரி சத்தம் கேக்குதுங்க. என்னடான்னு கேட்டா, 'சிரிக்க வெச்சிராதீங்க அண்ணா, சிரிச்சா ஒரு கிலோ கொறைஞ்சிரும்'ங்கறான். அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. நான் சிரிக்க, அவன் சிரிக்க, அவன் கெஞ்ச, அப்படியே தராசு வரைக்கும் போனமுங்க." மூக்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நாற்பது நாளாகச் சிரிக்காத பெண்கள் குலுங்கினார்கள், கண்ணில் தண்ணீரோடு. தங்கமணி மட்டும் கல்லாக நின்றாள்.

பெட்டியில் ஒரு ஸ்வெட்டர், ஷேவிங் டப்பா, தோட்டத்து டீத்தூள் ஒரு பொட்டலம், அடியில் நாலாக மடித்த சீட்டு. சின்னராஜ் பிரித்துப் பார்த்தான். "அட, இது அன்னிக்குக் குடுத்த சீட்டுங்க. பத்திரமா வெச்சிருந்திருக்கறான் பாருங்க. ஒசரம் போட்டிருக்குது, மார்பு போட்டிருக்குது, எடை அம்பத்து நாலு கிலோ..."

"எத்தன?" என்றாள் தங்கமணி.

"அம்பத்து நாலுங்க."

"தப்பு. அம்பதர. நான் பாத்துத்தான அனுப்பிச்சேன்."

"இல்லீங்க, அம்பத்து நாலுன்னுதான் தராசுல கத்துனாங்க. எனக்குக் கேட்டுது."

கொட்டகையில் நின்றவர்கள் எல்லோரும் எடையோடு பிறந்து எடையோடு வளர்ந்தவர்கள். ஐம்பதரை போய் ஐம்பத்து நாலாகும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை. கழிவு பிடித்தால் குறையத்தானே வேண்டும்? பஸ்ஸில் போகும்போது ஒருத்தன் மூன்றரைக் கிலோ ஏறுவானா? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தங்கமணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கந்தப்பனின் காது இரண்டும் சிவந்திருந்தது.

அவன் பேசாமல் இருந்திருந்தால் பட்டாளத்துக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று அதோடு போயிருக்கும். மேஸ்திரி வேலை போகும், லைனில் தலை காட்ட முடியாது, எல்லாம் அவனுக்குத் தெரியும். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். தண்டிலிருந்து இரும்புக் கல்லைக் கழற்றி எடுத்தான். மாமியார் காலடியில் கொண்டுபோய் வைத்தான்.

"அத்த... இந்தக் கல்லுக்குள்ள ஈயம் ஊத்தியிருக்குதுங்க."

பெண்கள் கல்லைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள்.

"நான் ஊத்துலீங்க. எனக்கு முன்னால இருந்தே அப்படித்தான். மேஸ்திரியானப்பவே ஆபீசுல சொல்லி, வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கல்லு கனத்தா எடை கொறைச்சுக் காட்டும். பதினாறு கிலோ கொழுந்து பதினஞ்சுன்னு நிக்கும். அம்பது கிலோ ஆளு..." சட்டை நுனியில் மூக்கைத் துடைத்தான். "நாப்பத்தேழுன்னு நிப்பானுங்க. பையன் மொதல் நாளே அம்பதுங்க அத்த. சுத்தமா அம்பது. பழமே தேவயில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க."

முதலில் வாய் திறந்தது மூக்கம்மாதான். "கூடைக்கு ஒரு கிலோவா? பன்னெண்டு வருசமாவாடா?" அவள் பக்கத்திலிருந்த கூடையைத் தூக்கி அப்படியே கந்தப்பன் தலையில் கவிழ்த்தாள். கொழுந்து அவன் மூஞ்சி, கழுத்து, சட்டைக்குள் எல்லாம் கொட்டியது. கூடைக்குள்ளிருந்து, "இன்னும் போடுங்க, போடுங்க, தப்புத்தானுங்க" என்று குரல் வந்தது. "என்ற சேவல அடிச்சுக் கொழம்பு வெச்சனேடா பாவி! சும்மாவா வெச்சேன்?" என்று மூக்கம்மா போட்ட சத்தத்தில் லாரி டிரைவரே இறங்கி ஓடி வந்தான். சின்னராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கக்கத்துக் கட்டையோடு ஆடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"அவனுக்கு இது தெரியுமுங்க!" என்றான். "ஒருக்கா சீட்டப் பாத்துட்டு, 'எங்க மாமன் தராசுல என்னமோ இருக்குதுண்ணா. லீவுல போயி ஆழம் பாக்கறேன்'னான். திரும்பி வந்து உருண்டு உருண்டு சிரிச்சானுங்க. ஏண்டா ஊர்ல சொல்லலன்னு கேட்டேன். 'சொன்னா எங்க மூக்கம்மாக்கா மாமனைக் கூடைலயே போட்டு மூடிருவாங்க. அப்புறம் எங்க அக்காளுக்குப் புருசன் ஏது'ன்னான்."

கூடைக்குள்ளிருந்து ஒரு கேவல் வந்தது. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரிக்க முடியவில்லை. தங்கமணி தரையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்தே செய்தாள். அம்பது. அவன் தன் எடையில், தன் காலில்தான் ஓடிப் போயிருக்கிறான். அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். தம்பி போனது போனதுதான், அந்த வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நாற்பது நாளில் முதல் தடவையாக அவளால் அவனுக்காக மட்டும் அழ முடிந்தது.

கருப்பம்மாள் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "அம்பதா?" என்றாள் மருமகனிடம்.

"அம்பதுங்க அத்த."

"அப்ப அத்தனையும் நான் போட்ட களியும் கஞ்சியும்தான்" என்றாள். அதில் பெருமை இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அது அழுகையாக மாறியது. தந்தி வந்த நாளிலிருந்து அவள் அழுத முதல் அழுகை அது. ரொம்ப நேரம் அழுதாள், யாரும் தடுக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டி மேலிருந்த சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்தாள். உரித்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாயத் தொற" என்றாள்.